வீடும் விடுதலைப் பத்திரமும்

('பழைய வீட்டைப் புதுப்பித்து வாழ்வதா? இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதா?' என்ற தலைப்பில் வேளச்சேரியில் நடந்த பட்டிமன்றத்தில், 'புதுப்பித்து வாழ்வதே' என்ற அணியில் ஆற்றிய உரை.)

எதிரணியில் வீற்றிருக்கிற இடிப்புச் செம்மல்களே! (சிரிப்பு)

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மையார் ஒரு கேள்வி கேட்டார்கள். "பழைய வீடு, பழைய வீடு என்று உருகுகிறார்களே இந்த ஆண்கள், அந்த வீட்டு அடுக்களையில் ஒரு நாள் நின்று பார்த்திருப்பார்களா?" என்று கேட்டார்கள். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். எங்கள் அணித் தலைவர் என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். (சிரிப்பு)

ஐயா, தலைவர் மன்னிக்க வேண்டும். அந்த அம்மையார் கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் திண்ணை, ஊஞ்சல், முற்றத்து நிலா என்று நான் கவிதை பேசிவிட்டு இறங்கிவிட்டால், வீட்டுக்குப் போனதும் எனக்குச் சாப்பாடு கிடைக்காது. ஆகவே அந்தக் கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நான் பிறந்த வீடு இந்த மண்டபத்திலிருந்து நடந்துபோகிற தூரத்தில் இருக்கிறது. நம்ம தண்டீசுவரர் கோயிலுக்குப் பக்கத்துத் தெரு. இன்றைக்கு வேளச்சேரி என்றால் பிள்ளைகளுக்கு ஷாப்பிங் மால் ஞாபகம் வரும், ஐ.டி. கம்பெனி பஸ் ஞாபகம் வரும். ஆனால் இது சோழர் காலத்துக் கல்வெட்டு இருக்கிற ஊர். ஏரியும் வயலுமாக இருந்த ஊர். 2007இல் பறக்கும் ரயில் வேளச்சேரிக்கு வந்தது. அன்றைக்குப் பறக்க ஆரம்பித்த நிலத்தின் விலை இன்னும் தரையிறங்கவில்லை!

என் தாத்தா கட்டிய வீடு அது. முன்கட்டு மெட்ராஸ் டெரஸ், பின்கட்டு ஓடு. திண்ணை, நடை, முற்றம், சுற்றித் தாழ்வாரம், கூடம், கடைசியில் சமையல்கட்டு, அதையும் தாண்டிக் கொல்லை, கிணறு. தாத்தா அதை என் அப்பா பேருக்கு எழுதிவைத்தார். 

அந்த வீட்டில் எங்கள் தாத்தாவுக்கு ஓர் அறை இருந்தது. வாசலை ஒட்டி, இரண்டு பக்கமும் ஜன்னல் வைத்து, சாய்வு நாற்காலி போட்டு. அப்பாவுக்கு ஒரு மேசை இருந்தது. எனக்கும் அண்ணனுக்கும் திண்ணை இருந்தது. எங்கள் அம்மாவுக்கு என்ன இருந்தது தெரியுமா? கோடியில் ஒரு சமையல்கட்டு. ஜன்னல் கிடையாது. கூரையில் ஒரு புகைக்கூண்டு. புகை அது வழியாகப் போக வேண்டும் என்பது கொத்தனார் போட்ட கணக்கு. புகைக்கு அந்தக் கணக்கு தெரியாது! (சிரிப்பு) அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே சமைப்பார்கள். சிரிக்கிறார்களா அழுகிறார்களா என்றுகூடக் கண்டுபிடிக்க முடியாது.

கிணற்றடிக்குப் பக்கத்தில் ஓலை போட்ட ஒரு சாய்ப்பு இருந்தது. மாதத்தில் மூன்று நாள் என் அக்கா அங்கேதான். மழை பெய்தாலும் அங்கேதான். கழிப்பறை கொல்லைக் கோடியில். ராத்திரி போக வேண்டுமானால் துணைக்கு ஓர் ஆள், கையில் ஒரு விளக்கு. கல்யாணமாகும் வரைக்கும் இருபத்துமூன்று வருஷம் அந்த வீட்டில் என் அக்காவுக்குக் கதவு போட்டுத் தாழ்ப்பாள் போடுகிற ஓர் இடம் கிடையாது.

நான் தமிழ் வாத்தியார். 'வீடு' என்ற சொல்லுக்கு வகுப்பில் முப்பது வருஷமாக விளக்கம் சொல்கிறேன். விடு என்பதிலிருந்து வந்தது வீடு. வீடு என்றால் விடுதலை. அறம், பொருள், இன்பம், வீடு என்று நான்காவதாக வைத்தார்கள் என்று கரும்பலகையில் எழுதிப் போடுவேன். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். ஒரு நாள்கூட, அந்த விடுதலை அந்த வீட்டில் யாருக்கு என்று நான் கேட்டதில்லை.

1998இல் அப்பா காலமானார். காரியமெல்லாம் முடிந்தது. அடுத்த வருஷம் அண்ணன் கோயம்புத்தூரிலிருந்து வந்தார். "வீட்டு விஷயத்தை ஒழுங்கு பண்ணிடலாம்டா. அக்காகிட்ட ஒரு கையெழுத்து வாங்கிடு" என்றார். எதில் கையெழுத்து? 'எனக்குப் பங்கு வேண்டாம், விட்டுக்கொடுத்துவிட்டேன்' என்கிற பத்திரம். அந்தப் பத்திரத்துக்குப் பதிவு அலுவலகத்தில் என்ன பெயர் தெரியுமா? விடுதலைப் பத்திரம்!

யோசித்துப் பாருங்கள் நடுவர் அவர்களே. ஆண் பிள்ளைக்கு வீடு. பெண் பிள்ளைக்கு விடுதலை! (கைதட்டல்)

கைதட்டாதீர்கள். அந்தப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு காஞ்சிபுரம் பஸ் ஏறியவன் நான்தான். டாக்டர் பட்டம் வாங்கியவன்.

அக்கா காபி கொடுத்தாள். படித்துக்கூடப் பார்க்கவில்லை. "எங்கேடா போடணும்?" என்று கேட்டாள். காட்டிய இடத்தில் எல்லாம் போட்டாள். போட்டுவிட்டு, பேனாவை மூடிக்கொண்டே கேட்டாள்: "ஏண்டா, பண்டிகைக்கு நான் வந்தா எங்கே படுப்பேன்?"

நான் என்ன பதில் சொன்னேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. சிரித்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

இங்கே சட்டம் படித்தவர்கள் இருப்பீர்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 1956ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டம் மகளுக்கும் பங்கு கொடுத்தது. ஆனால் அதிலேயே 23ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. குடும்பம் குடியிருக்கிற வீடாக இருந்தால், ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முடிவு செய்கிற வரைக்கும் பெண் வாரிசு பாகம் பிரிக்கச் சொல்லிக் கேட்க முடியாது. சரி, குடியிருக்கவாவது உரிமை உண்டா? கல்யாணமாகாத மகளுக்கு உண்டு. கணவனை இழந்தவளுக்கு உண்டு, கணவன் கைவிட்டவளுக்கு, பிரிந்து வந்தவளுக்கு உண்டு. கல்யாணமாகி நன்றாக வாழ்கிற மகளுக்குக் கிடையாது! பிறந்த வீட்டில் ஒரு பெண் உரிமையோடு படுக்க வேண்டுமானால் அவள் வாழ்க்கை கெட்டுப்போக வேண்டும். 2005இல் திருத்தம் வந்து அந்தப் பிரிவையே எடுத்துவிட்டார்கள். நல்ல வேளை.

எங்கள் பத்திரம் என்ன ஆயிற்று? கையெழுத்துப் போட்டால் போதாது, நாலு மாதத்துக்குள் பதிவு அலுவலகத்தில் தாக்கல் செய்ய வேண்டும். முதலில் ஆடி மாசம் என்றார்கள். பிறகு அண்ணனுக்கு லீவு இல்லை. பிறகு எனக்குப் பேப்பர் திருத்துகிற வேலை. பீரோவில் வேட்டிக்கு அடியில் போய்விட்டது அந்தப் பத்திரம். தமிழன் சோம்பேறித்தனத்தால் விளைந்த நன்மைகளுக்கு ஒரு வரலாறு எழுதினால் அதில் இதையும் சேர்க்க வேண்டும். (சிரிப்பு)

இப்போது 2015க்கு வாருங்கள். டிசம்பர் மாதம். இந்த ஊர்க்காரர்களுக்கு நான் அந்த மாதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வீட்டுக் கூடத்தில் முழங்கால் அளவு தண்ணீர். அம்மாவைக் கட்டிலோடு தூக்கி மாடிப்படியில் வைத்தோம்.

அதில் எனக்கு ஓர் ஆச்சரியம். 1985லும் பெரிய மழை. எனக்கு அப்போது பதினாறு வயது. தெருவில் இடுப்பளவு தண்ணீர் போயிற்று. வீட்டுக்குள் ஒரு சொட்டு வரவில்லை. ஏன் என்று வெள்ளம் வடிந்த பிறகு வாசலில் நின்று பார்த்தேன். அன்றைக்குத் தெருவிலிருந்து திண்ணைக்கு நாலு படி ஏறுவோம். 2015இல் ஒரு படிதான் மிச்சம்! மற்ற மூன்று படி எங்கே? ரோட்டுக்கு அடியில்! வருஷத்துக்கு ஒரு தார், அதற்கு மேல் ஒரு ஜல்லி, அதற்கு மேல் ஒரு தார். பழையதைச் சுரண்டாமலே போட்டுப் போட்டு வீதி வளர்ந்தது. எதிரணி நண்பர் சொன்னாரே, "பழைய வீடு பள்ளத்தில் இருக்கிறது" என்று? ஐயா, வீடு பள்ளத்துக்குப் போகவில்லை. தெரு மேட்டுக்குப் போய்விட்டது! (கைதட்டல்)

தண்ணீர் வடிந்தது, புரமோட்டர் வந்தார். வெள்ளம் வந்தால் பின்னாலேயே பாம்பு வரும், தேள் வரும். அதற்கப்புறம் புரமோட்டர் வருவார். நல்ல மனிதர், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து பேசினார். "சார், இதை இடிச்சிட்டு ஆறு பிளாட். மூணு உங்களுக்கு, மூணு எனக்கு" என்றார். அண்ணனுக்குச் சம்மதம். எனக்கும் அன்றைக்கு முக்கால்வாசிச் சம்மதம்தான், பொய் சொல்ல மாட்டேன். அவருடைய வக்கீல் காகிதங்களைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "உங்க சிஸ்டர் ரிலீஸ் ரிஜிஸ்டர் ஆகலையே சார்? அவங்களும் வந்து கையெழுத்துப் போடணும்" என்றார்.

மறுபடியும் காஞ்சிபுரம். மறுபடியும் காபி. இந்த முறை அக்கா கண்ணாடி போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தாள். "இடிக்கிறதுக்கா? போட மாட்டேன்" என்றாள்.

நான் அசந்துவிட்டேன். நடுவர் அவர்களே, அந்த வீட்டில் அதிகமாகக் கஷ்டப்பட்டவள் அவள். இடிக்கச் சொல்ல உரிமை யாருக்காவது உண்டென்றால் அவளுக்குத்தான். "உனக்கு அந்த வீட்டு மேலே கோபமே இல்லையாக்கா?" என்று கேட்டேன். அவள் சொன்னாள்: "வீடு என்னடா பண்ணிச்சு? வெச்சிருந்தவங்க அப்படி வெச்சிருந்தாங்க. சமையல்கட்டை மாத்து. கதவு வெச்ச பாத்ரூம் உள்ளே கொண்டுவா. அந்தச் சாய்ப்பைப் பிரிச்சு எறி. எனக்கு ஒரு ரூம் குடு. அதுக்கு எதுக்கு சுவத்தை இடிக்கணும்?"

எதிரணி அம்மையாருக்கு என் பதில் இதுதான். நீங்கள் சொன்ன நோய் உண்மை, அம்மா. மருந்துதான் தவறு. சமையல்கட்டில் புகை என்றால் மாற்ற வேண்டியது சமையல்கட்டை. முற்றம் என்ன பாவம் செய்தது? அதுமட்டுமல்ல. புதிதாகக் கட்டுகிற அடுக்குமாடியில் மட்டும் சமையலறை எங்கே வைக்கிறார்கள்? காற்றுப்போக்குக் குழிக்குப் பக்கத்தில், எட்டுக்கு ஏழு! ஹாலைப் பதினெட்டு அடி போடுகிறார்கள், டி.வி. பார்க்க. ஒருவர் நின்றால் இன்னொருவர் நுழைய முடியாத இடத்தில் அடுப்பு. கட்டடம் புதிது, கணக்கு அதே பழைய கணக்கு! (பலத்த கைதட்டல்)

அண்ணன் பங்குக்கு நான் பாங்கில் கடன் வாங்கினேன். மேலாளர் மூலப் பத்திரத்தைப் புரட்டிவிட்டு, "சார், வீட்டு வயசு உங்க வயசைவிட ஜாஸ்தியா இருக்கே?" என்றார். "எனக்கு முன்னாலே ரிட்டயர் ஆகாது, குடுங்க" என்றேன். (சிரிப்பு)

வேலையை ஆரம்பித்தோம். பழைய வீட்டைத் திருத்துவது சும்மா இல்லை. முதலில் அந்த வீடு எப்படி வேலை செய்கிறது என்று படிக்க வேண்டும். எனக்குப் படிப்பித்தவர் எழுபது வயதுக் கொத்தனார் ஒருவர். என் அப்பா 1994இல் ஒரு காரியம் செய்திருந்தார். கூடத்துச் சுவரில் ஈரம் பூக்கிறது என்று சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, கெட்டியாக இருக்கட்டும் என்று சிமென்ட் பூசினார். இரண்டு மழைக்காலம் தாங்கியது. மூன்றாவது மழைக்குப் பாளம் பாளமாக விழுந்தது. பெரியவர் அந்தச் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வாத்தியாரே, சுண்ணாம்புச் சுவரு மூச்சு விடும். ஈரத்தைக் குடிக்கும், வெயில்ல வெளியே விடும். நீங்க அது மூக்கைப் பொத்திட்டீங்க." பௌதிகப் பேராசிரியரிடம் கேட்டேன், அவரும் அதையேதான் சொன்னார், கொஞ்சம் புரியாமல் சொன்னார். சிமென்ட் பூச்சு ஈரத்தை உள்ளே அடைக்கிறது, உப்பு சேர்கிறது, பூச்சைத் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறது. அவ்வளவையும் கொத்தி எடுத்தோம். கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தொட்டி கட்டி ஊறவைத்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்துப் பூசினார்கள். பேரன் வந்து நக்கிப் பார்த்தான். (சிரிப்பு)

மேலே மெட்ராஸ் டெரஸ். இந்தப் பேரே நம்ம ஊர்ப் பேர்! தேக்கு உத்திரங்களைப் போட்டு, அதன்மேல் சின்னச் செங்கல்லைக் குறுக்குவாட்டில் நிறுத்தி நிறுத்திச் சுண்ணாம்பில் அடுக்கி, அதற்குமேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள் கணக்கில் தட்டுவார்கள். கம்பி இல்லை, கான்கிரீட் இல்லை. கட்டும்போது தட்டியதும் பெண்கள், பிறகு அதன் கீழே புகையில் நின்றதும் பெண்கள்! பத்து உத்திரத்தில் இரண்டு கரையான் அரித்திருந்தன. அவற்றை மட்டும் மாற்றினோம். 

வெள்ளத்துக்கு என்ன செய்வது? எங்கள் பக்கத்தில் சிலபேர் வீட்டையே தூக்கினார்கள். பார்த்திருப்பீர்கள். ஹரியானாவிலிருந்து ஆட்கள் வந்து, சுவருக்கு அடியில் நூற்றுக்கணக்கில் ஜாக்கி வைத்து, லாரிக்கு டயர் மாற்றுகிற மாதிரி கட்டடத்தை மூன்றடி நாலடி உயர்த்துகிறார்கள். அற்புதமான வேலை. எனக்கும் ஆசை வந்தது. பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டார்: "இதைத் தூக்காதீங்க. சுண்ணாம்புக் கட்டு, பிட்டு மாதிரி உதிரும்."

பிறகு அவரே வழி சொன்னார். பழைய வீட்டுக் கூடம் பதினாலு அடி உயரம். எதிரணித் தலைவர் கிண்டல் செய்தாரே, "ஒட்டடை அடிக்க ஒட்டகம் வேண்டும்" என்று? அந்த உயரம்தான் ஐயா எங்களைக் காப்பாற்றியது! வீட்டைத் தூக்கவில்லை, உள்ளே தரையைத் தூக்கினோம். இரண்டரை அடி. செங்கல் உடைசலும் மணலும் போட்டு இடித்து நிரப்பி, மேலே ஆத்தங்குடிக் கல் பதித்தோம். அப்படியும் பதினொன்றரை அடி மிச்சம். இன்றைய அடுக்குமாடி வீட்டில் பத்தடிதான். அதில் இரண்டரை அடி தரையைத் தூக்கினால் மின்விசிறி உங்களுக்கு முடிவெட்டும்! (சிரிப்பு) கதவு நிலைகளைப் பெயர்த்து மேலே ஏற்றினோம். கதவுக்கு மேலே கண்ணாடி போட்ட காற்றுப்பலகணி இருந்தது. அந்த இடத்தைக் கதவு எடுத்துக்கொண்டது. அது எனக்கு வருத்தம்தான். சிலப்பதிகாரத்தில் ஜன்னலுக்குக் காலதர் என்று ஒரு சொல் இருக்கிறது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. ஆங்கிலத்து விண்டோவும் பழைய நார்ஸ் மொழியில் 'காற்றின் கண்' என்று பிறந்த சொல்தான். காற்றை நினைக்காமல் எந்த ஊர்க்காரனும் சுவரில் ஓட்டை போடவில்லை. நாம்தான் இன்றைக்கு அதை ஏ.சி. பெட்டி வைக்கத் தேடுகிறோம்.

முற்றத்தையும் உயர்த்தினோம். மேலே கம்பியும் கொசுவலையும். 2003இல் அரசாங்கம் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயம் ஆக்கியபோது ஊரெல்லாம் குழாய்க்கு அலைந்தது. பெரியவர் முற்றத்துத் தண்ணீரை ஒரு மணல் தொட்டியில் விட்டு, அங்கிருந்து பழைய கிணற்றுக்கு வழி வெட்டினார். அம்மாவால் ஐந்து படி ஏற முடியாது. பக்கவாட்டில் சாய்தளம் போட்டோம்.

சமையல்கட்டு முற்றத்துக்கு ஓரமாக வந்தது. வெளிச்சமும் காற்றும் நேராக வரும். மேடை எவ்வளவு உயரம் வைக்கலாம் என்று கேட்டார் பெரியவர். என் மனைவியைக் கூப்பிட்டு நிறுத்தி முழங்கையிலிருந்து அளவு எடுக்கப் போனேன். அவர்கள் சொன்னார்கள்: "எனக்கு மட்டும் எதுக்கு எடுக்கறீங்க? நீங்களும் வந்து நில்லுங்க. நடுவாந்தரமா வைக்கட்டும்." (சிரிப்பு, கைதட்டல்) நடுவாந்தரமாக வைத்தார்கள். வாரத்தில் மூன்று நாள் அந்த மேடையில் என் சாம்பார்தான். சாப்பிட்டவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். பெயர் சொல்லி அவர்களுக்குச் சங்கடம் கொடுக்க விரும்பவில்லை.

செலவு? ஒத்துக்கொள்கிறேன். இடித்துக் கட்டினால் ஆகிற செலவைவிடக் கொஞ்சம் கூடவே ஆயிற்று. கார் நிறுத்த இடம் இல்லை, வீதியில்தான் நிற்கிறது. காகம் அதன்மேல் தன் கருத்தை அவ்வப்போது தெரிவிக்கிறது. எல்லாப் பழைய வீட்டையும் காப்பாற்றிவிடலாம் என்றும் நான் வாதாட மாட்டேன். சுவர் வயிறு தள்ளி நிற்கிற வீட்டில் குழந்தைகளைப் படுக்கவைக்காதீர்கள். ஆனால் பார்க்காமலே, தட்டிக்கூடப் பார்க்காமலே தீர்ப்பு எழுதுகிறோமே!

புதுச்சேரிக்குப் போய்ப் பாருங்கள். வைசியாள் வீதி, கால்வே சுப்புராயச் செட்டி வீதி என்றும் சொல்வார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு புதுச்சேரி நகராட்சியும் இன்டாக் அமைப்பும் சேர்ந்து அந்தத் தெருவின் தமிழ் வீடுகளைச் சீர்செய்தார்கள். தனி மாளிகைகள் அல்ல. திண்ணையும் தாழ்வாரமும் கொண்ட வரிசை வீடுகள். 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதுகளில் ஒன்று அந்தத் தெருவுக்குக் கிடைத்தது.

இன்னொரு பக்கம் காரைக்குடிக்குப் போய்ப் பாருங்கள். முனீசுவரன் கோயில் தெருவில் வரிசையாகப் பழம்பொருள் கடைகள். இடித்த வீட்டின் நிலைக்கதவு, தூண், ஊஞ்சல் பலகை, மரப்பாச்சி, ஊறுகாய் ஜாடி. ஒரு குடும்பத்தின் ஐம்பது கல்யாணம் பார்த்த தூணை வாங்கிப்போய் ஏதோ ஓர் ஓட்டல் வரவேற்பறையில் நிறுத்துகிறார்கள், அது எதையும் தாங்கவில்லை, சும்மா நிற்கிறது.

இங்கே, முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா இருக்கிறது. 1996இல் திறந்தார்கள். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் என்று நாலு பக்கத்துப் பழைய வீடுகளையும் பெயர்த்துக் கொண்டுவந்து மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். தொடக்கத்தில் லாரி பேக்கர் வரைந்து கொடுத்தார். நான் அதைப் போற்றுகிறேன். அவர்கள் எடுத்துவைக்காவிட்டால் அந்த வீடுகள் விறகாகியிருக்கும். ஆனால் போன வருஷம் அங்கே ஒரு காட்சி பார்த்தேன். வேளச்சேரிக்காரர் ஒருவர், எனக்குத் தெரிந்தவர்தான், டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து பேத்திக்குக் காட்டுகிறார்: "இது பேர்தாண்டா கண்ணு திண்ணை." அவர் வீட்டுத் திண்ணையை அவர் இடித்தபோது நான் பக்கத்தில் நின்றிருந்தேன்!

2012இல் தமிழ்நாடு சட்டமன்றம் மரபுக் கட்டடங்களுக்காக ஓர் ஆணையச் சட்டமே இயற்றியது. நல்லது. பெரிய கட்டடங்களுக்கு அது காவல். என் தாத்தா வீடு மாதிரியான வீடுகளை எந்தப் பட்டியலில் சேர்க்கப்போகிறார்கள்? அதை வைத்திருப்பவர்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நடுவர் மணியைக் கையில் எடுத்துவிட்டார். ஒரே ஒரு நிமிஷம் ஐயா, அடித்துவிடாதீர்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. மறுபடியும் தெரு ஆறாயிற்று. மூன்று நாள் மின்சாரம் இல்லை, பால் இல்லை, செல்போன் செத்துவிட்டது. தண்ணீர் இரண்டாவது படி வரைக்கும் வந்து நின்றது. உள்ளே வரவில்லை. பக்கத்து அடுக்குமாடியின் கீழ்த்தளத்திலிருந்து இரண்டு குடும்பம் எங்கள் கூடத்தில் வந்து படுத்தார்கள். யார் வீட்டுக் கீழ்த்தளம் என்று நான் சொல்லவில்லை. எதிரணியில் ஒருவர் தலைகுனிந்து சிரிக்கிறார். (பலத்த சிரிப்பு)

ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை. வேலை முடிந்து 2018இல் முதல் பொங்கல். அக்கா வந்தாள். தாத்தாவின் அறை, அந்த இரண்டு ஜன்னல் வைத்த அறை, அதைத்தான் அவளுக்குக் கொடுத்தோம். கொடுத்தோம் என்று நான் சொல்லக்கூடாது, பட்டாவில் அவள் பெயர் இருக்கிறது. உள்ளேயே குளியலறை. கதவுக்குப் பித்தளைத் தாழ்ப்பாள், நான் பாரீஸ் கார்னரில் போய்த் தேடி வாங்கியது. ராத்திரி அவள் அந்தத் தாழ்ப்பாளை உள்ளேயிருந்து போட்டாள். 'டக்' என்று ஒரு சத்தம். கூடத்தில் உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தாள். மறுபடியும் போட்டாள்.

மறுநாள் காலை ஆறு மணி ஆயிற்று, அவள் எழுந்திருக்கவில்லை. ஏழு ஆயிற்று. அந்த வீட்டில் இருபத்துமூன்று வருஷம் நாலரை மணிக்கு எழுந்து வாசல் தெளித்தவள். எனக்குப் பயம் வந்துவிட்டது. கதவைத் தட்டப் போனேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த அம்மா கையைப் பிடித்து நிறுத்தினார்கள். பால்காரர் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே வந்தார். அவரையும் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, மெதுவாகச் சொன்னார்கள்:

"சத்தம் போடாதேப்பா. பொண்ணு தூங்குது."